கல்குடாவில ஐஞ்சு நாள், மாமாவின்ர முருகைக்கல்லுப் பெட்டியளோட

ஜூலை 17, வியாழன். யாழ்ப்பாணத்தில இருந்து கல்குடா

விடிய அஞ்சரைக்கு ஏறின பஸ், பின்னேரம் ரெண்டு மணிக்கு வாழைச்சேனையில இறங்கலாம் எண்டுதான் கணக்கு, ஆனா வெலிக்கந்தை தாண்டி ஒரு வெட்டையில பின் ரயர் போட்டுது, ஸ்பெயார் ரயரைக் கழட்டிப் பாத்தா அதுக்கும் காத்து இல்லை. ரெண்டேகால் மணித்தியாலம் றோட்டுக்கரையில நிண்டம். நிழலுக்கு ஒரு பாலை மரம், அதுக்குக் கீழ முப்பது சனம். பக்கத்து சீட்டில வந்த சிங்கள அம்மா ஒராள், ஹபரணையில 150 ரூபாக்கு வாங்கின அவிச்ச சோளத்தைப் பாதியா முறிச்சு என்ர கையில வச்சா, எனக்கு சிங்களம் அரைகுறை, அவவுக்குத் தமிழ் இல்லை, ஆனா அந்தச் சோளத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே மாதிரி ட்ரைவரைப் பாத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருந்தம்.

ஏன் இந்த வெயிலுக்க போனன் எண்டு சொல்லோணும். அம்மான்ர அண்ணன், என்ர பெரிய மாமா, மட்டக்களப்புப் பக்கம் கல்குடாவில முப்பது வருஷத்துக்கு மேல சயன்ஸ் படிப்பிச்சவர். 1960கள்ல இருந்து முருகைக்கல்லு, அதாவது பவளக்கல்லு, சேர்த்தவர், கடல்ல உடைச்சு எடுத்ததில்லை, கிணறு வெட்டேக்க வந்தது, சுண்ணாம்புச் சூளைக்கெண்டு தோண்டிப்போட்ட குவியல்ல பொறுக்கினது, கூட்டாளிமார் குடுத்தது எண்டு. போன வருஷம் மாமா காலமாயிட்டார். மாமி கோல் எடுத்து "தம்பி, அந்தக் கல்லுப் பெட்டியெல்லாம் அப்படியே இரிக்கி, நீ வந்து பாத்து ஒரு வழி சொல்லு, நான் கண்ண மூடினா மறுகா இதெல்லாம் வேலி அடைக்கத்தான் போகும்" எண்டு சொன்னா. நான் லாப்ல வேலை செய்யிறவன், கல்லு எண்டா பைத்தியம். மறுக்க ஏலுமே.

வாழைச்சேனையில இறங்கேக்க நாலரை. ஓட்டோக்காரர் கல்குடாவுக்கு 500 கேட்டார், பேரம் பேசத் தெம்பில்லை, குடுத்தன். கச்சான் காத்து அடிச்சுக்கொண்டே இருக்கு. இஞ்ச இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன், ஆனி ஆடியில தரையில இருந்து கடல் பக்கமா அடிக்கிற சூட்டுக்காத்து இது, அடுப்புக்கு முன்னால நிக்கிற மாதிரி, தொண்டையெல்லாம் காஞ்சு போகும், கொடியில போட்ட சாரம் பத்து நிமிசத்தில காஞ்சிரும். இந்தக் காத்து ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப்போகுதெண்டு அண்டைக்கு எனக்குத் தெரியாது.

மாமி பிளேன்டீயும் பனங்கட்டியும் தந்து, குளிச்சிட்டு வா எண்டு சொல்லி, இரவுக்குப் பிட்டும் மீன் சொதியும், பிறகு எருமைத் தயிர். சட்டியைக் கவிட்டாலும் விழாத தயிர். யாழ்ப்பாணத்தில தயிர் எண்டு விக்கிறதையும் இதையும் ஒரு பேரால கூப்பிடக்கூடாது.

ஜூலை 18, ஆடி வெள்ளி. பெட்டியைத் திறந்த நாள்

மாமி வெள்ளண எழும்பி முத்தத்துக்குச் சாணி தெளிச்சு, குளிச்சு, கோயிலுக்குப் போட்டு வந்திட்டா. மட்டக்களப்பு மாமாங்கக் கோயில்ல திருவிழா நடக்குது, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கு, போற வாற பஸ் எல்லாத்திலயும் சனம் எண்டு சொன்னா. அண்டைக்குச் சைவம்தான், முருங்கைக்கீரைச் சுண்டலும் பருப்பும்.

ஐஞ்சு பெட்டி இருந்ததாம். 2004 மார்கழி 26, கடல் வந்தபோது ரெண்டு போயிட்டுது, வீட்டின்ர முன்பக்கச் சுவரோட. மிச்சம் மூண்டும் பின் அறையில சேத்துக்க புதைஞ்சு கிடந்து எடுத்ததாம். மாமா அதுகளைக் கிணத்துத் தண்ணியில கழுவிக் காயவச்சிருக்கிறார். ஆனா அந்த நேரம் இந்தக் கரையில கிணறெல்லாமே உப்பாத்தான் கிடந்தது, கடல் ஏறி இறங்கின கிணறு. ஆகவே உப்பை உப்பால கழுவின மாதிரித்தான் முடிஞ்சிருக்கு. மாமாவைக் குறை சொல்லேல்ல. ஊரே செத்தவீடா இருந்த கிழமையில அவர் கல்லைக் கழுவினாரே, அதையே நான் பெரிசா நினைக்கிறன்.

பெட்டியைத் திறந்து பாத்தா 48 கல்லு. ஒவ்வொண்டும் ஒரு பொலித்தீன் பையில, பைக்குள்ள நம்பர் எழுதின கடதாசித் துண்டு. கல்லில நூலால கட்டியிருந்தவர் போல, நூல் உக்கிப்போச்சு, துண்டு மட்டும் தனியாக் கிடக்கு. கனக்கக் கல்லில வெள்ளைப் பூ பூத்த மாதிரி மா. தொட்டு நாக்கில வச்சுப் பாத்தன், உப்பு. கல்லுக்குள்ள இருக்கிற உப்பு மாரியில ஈரம் இழுத்துக் கரையும், கச்சான்ல காஞ்சு திரும்பப் பளிங்காகும், பளிங்காகேக்க இடம் காணாமல் தள்ளும், அந்தத் தள்ளலில கல்லின்ர மேல்தோல் பொரிஞ்சு பொரிஞ்சு கொட்டும். இருபது வருஷமா இது நடந்திருக்கு. பைக்கு அடியில கிடந்த தூளைப் பாத்தா வயிறு எரிஞ்சுது.

பிறகுதான் மாமி அந்தக் கொப்பியைக் கொண்டு வந்தா. சீ.ஆர். கொப்பி, மட்டை கழண்டது, பரணில இருந்தபடியா கடலுக்குத் தப்பினது. ஒரு பக்கத்துக்கு ஒரு கல்லு. கல்லைக் கடதாசியில வச்சு பென்சிலால சுத்திக் கோடு இழுத்திருக்கிறார், அப்ப உருவம் அப்படியே கல்லின்ர அளவில இருக்கு. உள்ளுக்கு சின்னச் சின்னக் கிண்ணங்களை, அதாவது ஒவ்வொரு முருகை உயிரும் இருந்த குழியளைக் கீறி, ஒரு கிண்ணத்தைத் தனியாப் பெருப்பிச்சு, அதுக்குள்ள சுவரில இருந்து நடுவைப் பாத்து நிக்கிற தகடு எத்தினை எண்டு எண்ணி எழுதி, எங்க எடுத்தது, எத்தினை அடி ஆழம், என்ன நிற மண், யார் கிணறு, என்ன தேதி. நான் அந்த இடத்திலேயே நிலத்தில இருந்திட்டன்.

இது ஏன் பெரிய விசயம் எண்டு கொஞ்சம் விளங்கப்படுத்தோணும். முருகைக்கல்லு எண்டா எல்லாம் உயிர்ச்சுவடு இல்லை. நேற்று அலை ஒதுக்கின செத்த முருகையும் கல்லு மாதிரித்தான் இருக்கும். சாதாரணமா நாங்கள் பாக்கிறது இப்பிடி: புதுசு வெள்ளையா, பாரமில்லாமல், துவாரமெல்லாம் திறந்து இருக்கும், ரெண்டைத் தட்டினா பீங்கான் மாதிரி கிணீர் எண்டும். பழசு பாரம், துவாரத்துக்க மண்ணோ பளிங்கோ அடைஞ்சிருக்கும், மஞ்சள் மண்ணிறம், தட்டினா டொக்கெண்டும். உயிரோட இருக்கேக்க முருகை கட்டுற எலும்பு அரகனைட், அதாவது கல்சியம் காபனேற்றின்ர ஒரு பளிங்கு வடிவம், கன காலம் போக அது கல்சைட் எண்ட இன்னொரு வடிவமா மாறும், மாறேக்க நுண்ணிய அமைப்பெல்லாம் மங்கிப்போகும். ஆனா இந்தக் கரையோரத்தில நிலத்துக்கடியில கிடக்கிற மாதிரி ஆறாயிரம் வருஷ அளவுப் பழசெல்லாம், அதாவது கடல் இப்பத்தையிலும் பாக்க ஒண்டு ரெண்டு மீற்றர் உயர்ந்து நிண்ட காலத்து முருகை, பெரும்பாலும் இன்னும் அரகனைட்டாவே இருக்கும், பாரமும் பெரிசாக் கூடியிராது. கையில வச்சுப் பாத்து அதையும் ஐம்பது வருஷத்துக்கு முதல் செத்ததையும் பிரிக்கிறது சரியான கஷ்டம். அங்க பதில் சொல்லுறது கல்லு இல்லை, எந்த மண்ணுக்க, எத்தினை அடியில கிடந்தது எண்ட குறிப்பு. குறிப்பில்லாத கல்லு எண்டா மாமி சொன்ன மாதிரி வேலிக்குத்தான்.

பின்னேரம் வேலை தொடங்கினன். கையால தொட்டாக் கொட்டுற நிலையில இருந்த ஒன்பது கல்லுக்குத் தண்ணி காட்டவே இல்லை, மெல்லிய பிறஷ்ஷால தூசி தட்டினதோட சரி. உறுதியான சின்னக் கல்லில பதினொண்டை எடுத்து, ஐஸ்கிறீம் டப்பாக்களில தண்ணி விட்டு ஊறப்போட்டன், ஒவ்வொரு டப்பாக்கும் கீழ அதின்ர துண்டு. கிணத்துத் தண்ணி இல்லை, வடிகட்டி உப்பெடுத்த ஆர்.ஓ. தண்ணி, கான் ஒண்டு பக்கத்துக் கடையில இருந்து. நான் கொண்டுபோன டி.டி.எஸ். மீற்றர்ல, தண்ணியில கரைஞ்சு கிடக்கிற உப்புகளை அளக்கிறது, அந்தத் தண்ணி 38 காட்டிச்சுது. நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு வச்சுப் பாத்தா 610. மாமி பக்கத்தில நிண்டு அந்த நம்பரைப் பாத்திட்டு ஒண்டும் பேசேல்ல, கொஞ்ச நேரத்தால "அது அண்டைக்கு வந்த கடல்தானே" எண்டு மட்டும் கேட்டா. ஓம் மாமி எண்டன்.

ஜூலை 19, சனி. வினாகிரியும் பிளைவுட்டும் நண்டும்

காலமை தண்ணி மாத்தி, பாத்தா 290. மத்தியானம் திரும்ப மாத்தினன்.

மூண்டாவது பெட்டியில நாலு கல்லு மட்டும் ஒரு மாதிரி மொழுமொழுப்பா, சவர்க்காரக் கட்டி தேஞ்ச மாதிரி இருந்துது. அதில ரெண்டு நான் ஏற்கெனவே ஊறப்போட்டதுக்க வேற போயிட்டுது. மாமியிட்டக் கேட்டா, கட்டாரில இருக்கிற மச்சான் போன வருஷம் செத்தவீட்டுக்கு வந்து நிண்டபோது, யூடியூப்பில பாத்து, ஊத்தை போகட்டும் எண்டு நாலு கல்லை ஒரு இரவு முழுக்க வினாகிரிக்க போட்டவனாம். நல்ல மனசோடதான் செய்திருக்கிறான், அப்பான்ர கல்லு பளிச்செண்டு இருக்கோணும் எண்டு. ஆனா முருகைக்கல்லு முழுக்கக் கல்சியம் காபனேற்று, வினாகிரி அசற்றிக் அமிலம், நுரைச்சு நுரைச்சு கரையிறது ஊத்தை இல்லை, கல்லுத்தான். முதல்ல போறது மிக மெல்லிசான பகுதி, அதாவது கிண்ணத்துக்குள்ள நிக்கிற தகடுகளின்ர விளிம்பு, அந்தத் தகட்டை வச்சுத்தான் நாங்கள் பேரே சொல்லுறது. தயவுசெய்து ஆரும் வினாகிரி, தேசிப்புளி, டொய்லற் கழுவுற அசிட் ஒண்டும் போடாதேங்கோ. நல்ல தண்ணி, மெல்லிய பிறஷ், பல்லுக்குத்துற மூங்கில் குச்சி. அவ்வளவும் போதும்.

அதைவிடக் கஷ்டமான கதை ஒண்டு மாமியோட கதைக்க வேண்டி வந்தது. மச்சான் அனுப்பின காசில மாமி கல்லெல்லாம் அடுக்கிறதுக்குக் கண்ணாடி போட்ட ஷோகேஸ் ஒண்டு செய்விச்சிருக்கிறா, புது பிளைவுட், இன்னும் பசை மணம் போகேல்ல. பிளைவுட்டில இருந்தும் சில மரங்களில இருந்தும் அமில ஆவி மெதுமெதுவா வந்துகொண்டே இருக்கும், மூடின அலுமாரிக்க அது தங்கி, சிப்பி, சங்கு, முருகை மாதிரிச் சுண்ணாம்புச் சாமான்களில வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி ஒண்டைக் கிளப்பும். அது பூஞ்சணம் இல்லை, உப்புப் பளிங்கு. 1899ல பைன் எண்ட ஒருத்தர் இதைப் பற்றி எழுதேக்க பக்டீரியா வேலை எண்டு நினைச்சவர், அவர் பேரிலதான் இண்டைக்கும் பைன் நோய் எண்டு சொல்லுறது, காரணம் அமில ஆவிதான் எண்டு பிறகுதான் தெளிவாச்சு. இதை மாமியிட்ட எப்பிடிச் சொல்லுறது? ஒரு மணித்தியாலம் யோசிச்சன். பிறகு அப்பிடியே சொன்னன். மாமி கொஞ்சம் மௌனமா இருந்திட்டு, "அப்ப அதுக்குள்ள மாமாட படத்தையும் அவர்ட புத்தகத்தையும் வைப்பம்" எண்டா. எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி.

வாழைச்சேனைக்குப் போய் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா வாங்கினன், சின்னது ஒண்டு 180. அடியில விரிக்க வெள்ளை நுரை மெத்தை வேணும், பிறிஜ் விக்கிற கடையில போய்க் கேட்டன், பொருள் சுத்தி வாறதில மிச்சம் கிடந்தா விலைக்குத் தாங்கோ எண்டு. கடைக்கார நானா ஏன் எண்டு கேட்டார். சொன்னன். காசு வாங்க மாட்டன் எண்டிட்டார், அவரும் மாமாட்டப் படிச்சவராம். "சேர் ஒரு கல்லை நனைச்சுக் காட்டுவாரே, அது இன்னும் இரிக்கா?" எண்டு கேட்டார். எனக்கு உடன விளங்கேல்ல.

வீட்டை வந்து கொப்பியில தேடினா, ஐஞ்சாம் நம்பர். மாமான்ர கூட்டாளி ஒருத்தர் அமெரிக்காவில இருந்து அனுப்பினது, மிச்சிகன் மாநிலத்துப் பெட்டோஸ்கி கல்லு. காஞ்சு இருக்கேக்க சும்மா சாம்பல் நிறக் கூழாங்கல்லு, ஒரு விசேசமும் இல்லை. முத்தத்துக்குக் கொண்டுவந்து தண்ணி தொட்டுத் தடவினன். ஈரம் பரவின இடமெல்லாம் தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டங்கள் எழும்பி வந்துது, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில கறுப்பு, அதில இருந்து சூரியன் மாதிரி கதிர் கதிராக் கோடு. தண்ணி காயக் காயத் திரும்ப மறைஞ்சு போச்சு. ஹெக்ஸகோனேரியா எண்ட இனம், டெவோனியன் காலம், 35 கோடி வருஷத்துக்கும் மேல. பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஏ.எல். பயோ படிக்கிறவ, வேலிக்கு மேலால எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவ, "அண்ணா திரும்ப நனையுங்கோ" எண்டா. நாலு தரம் நனைச்சிருப்பம்.

அவவுக்கு நான் சொன்னது இது: இந்த இனத்தின்ர வம்சம் இப்ப இல்லை, ஏறத்தாழ 25 கோடி வருஷத்துக்கு முதல், பேர்மியன் முடிவில அழிஞ்சிட்டுது. அதுகளுக்குத் தகடு நாலு நாலாக் கூடும். இப்ப கடல்ல இருக்கிற கல்முருகை அதுக்குப் பிறகு வந்த கூட்டம், தகடு ஆறு ஆறாக் கூடும், ஆறு, பிறகு இன்னொரு ஆறு, பிறகு பன்னிரண்டு. எண்ணத் தெரிஞ்சாப் போதும், பெரிய பிரிவைப் பிடிச்சிரலாம். இன்னொண்டும் சொன்னன், முருகை நாளுக்கு ஒரு மெல்லிய கோடு வளரும், 1963ல ஜோன் வெல்ஸ் எண்ட அமெரிக்கர் டெவோனியன் முருகையில அந்தக் கோடுகளை எண்ணினார், வருஷத்துக்கு ஏறக்குறைய 400 வந்துது. அண்டைக்குப் பூமி இன்னும் கெதியாச் சுத்தினது, ஒரு நாள் எண்டா 22 மணித்தியாலம் அளவில. பிள்ளை கொஞ்ச நேரம் கல்லைப் பாத்திட்டு "அப்ப சந்திரன்தான் மெல்ல ஆக்கினதா?" எண்டு கேட்டா. வற்றுப்பெருக்கின்ர இழுவை, ஓம். இப்பிடிக் கேக்கிற பிள்ளையளுக்காகத்தான் மாமா இதையெல்லாம் வச்சிருந்தவர்.

இரவு வாவி நண்டு. கிலோ 1800 எண்டு மாமி பேசிப் பேசி 1600க்கு வாங்கினது. முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் தடிப்பா விட்டு. நகத்துக்க நண்டுக் கறி மணத்தோட லென்ஸ் தூக்க மனசில்லாமல் வெள்ளணப் படுத்திட்டன்.

ஜூலை 20, ஞாயிறு. காத்து

விடியப்பறம் தண்ணி 95. சுண்ணாம்புக் கல்லு தானே கொஞ்சம் கரையும், ஆகவே மீற்றர் சைபருக்கு வராது, உப்புப் போயிட்டுதா எண்டு பாக்கச் சில்வர் நைத்திரேற்று வேணும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தன்ர கெமிஸ்ட்ரி ஆசிரியரிட்டச் சொல்லி, அவர் ஞாயிற்றுக்கிழமையிலும் சைக்கிளில வந்தார், சின்னச் சொட்டுப் போத்தலோட. வெள்ளிக்கிழமைத் தண்ணியில ஒரு சொட்டு விட்டா பால் மாதிரித் திரண்டுது. இண்டைக்கு விடியத்தண்ணியில சும்மா மெல்லிசாக் கலங்கினது. பதினொரு சின்னக் கல்லையும் காய வைக்கலாம் எண்டு முடிவெடுத்தம், பெரிய கல்லுகளுக்கு மாசக்கணக்கு வேணும்.

வெயில்ல காய வைக்கக்கூடாது, கெதியாக் காஞ்சா மிச்ச உப்பு மேல ஏறி வெடிக்கும், ஆகவே மாமரத்துக்குக் கீழ பாய் விரிச்சு, கல்லை வச்சு, ஒவ்வொரு கல்லுக்குக் கீழயும் அதின்ர துண்டை வச்சன். இந்த இடத்தில நான் படம் எடுத்திருக்கோணும். போன் சட்டைப் பையிலதான் இருந்துது. எடுக்கேல்ல.

சாப்பிட்டு வர உள்ள போனன், இருபது நிமிசம். கச்சான் ஒரு தூக்குத் தூக்கிச்சுது, கதவு அடிச்ச சத்தம் கேட்டு வெளிய ஓடினா, பாய் பாதி மடிஞ்சு கிடக்கு, கல்லெல்லாம் ஒரு பக்கம் உருண்டு குவிஞ்சிருக்கு, ஒரு துண்டு கூட இல்லை. மாமி, பிள்ளை, பிள்ளையின்ர தம்பி, நான் எல்லாரும் வேலி வேலியாத் தேடினம், றோட்டு, அடுத்த வளவு, ஆட்டுக்கொட்டில். நாலு துண்டு கிடைச்சுது. கிடைச்சும் என்ன, எந்தக் கல்லின்ர எண்டு அதில இல்லையே, வெறும் நம்பர். எனக்குக் கை நடுங்கிச்சுது. அறுபது வருஷமாக் கடலுக்கும் தப்பி வந்த குறிப்பு, என்ர கையில வந்து மூண்டாம் நாள்.

மாமிதான் சொன்னா, "ஏன் தம்பி அழுறாய், அவர் கோடு இழுத்து வச்சிரிக்காரே, வச்சுப் பாரன்."

விறாந்தையில கொப்பியை விரிச்சம். முதல் கல்லைத் தூக்கி, பன்னிரண்டாம் நம்பர்ப் பக்கத்துப் பென்சில் கோட்டுக்க வச்சன், பொருந்தேல்ல. பத்தொன்பது, இல்லை. முப்பத்தொண்டில வச்சுக் கொஞ்சம் திருப்பினன், செருப்புக்க கால் போற மாதிரிப் போய் இருந்துது, ஒரு பக்கத்துச் சின்ன மொட்டைக் கூட மாமா விடாமல் வளைச்சுக் கீறியிருக்கிறார். அந்த நேரம் வந்த சந்தோசத்தை எழுதத் தெரியேல்ல.

உருவம் பொருந்தினாலும் நான் லென்ஸ் வச்சு உறுதிப்படுத்தினன். பிள்ளைக்கும் காட்டிக் குடுத்தன். கிண்ணம் ஒரு மில்லிமீற்றர் அளவில, குண்டூசி குத்தின மாதிரி நெருக்கமா இருந்தா பொறைட்டிஸ், மெதுவா வளருற குண்டு முருகை, வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். மூளை மாதிரி வளைஞ்சு நெளிஞ்ச வாய்க்கால் ஓடினா பிளாட்டிகைரா. கிண்ணங்கள் மூலைமூலையா ஒட்டி, ரெண்டு வீட்டுக்கு நடுவில ஒரே சுவர் மாதிரி இருந்தா ஃபேவைட்டிஸ். ஒவ்வொண்டுக்கும் தனிச்சுவர், நடுவில ஒழுங்கை விட்டிருந்தா டிப்சாஸ்ட்ரியா, மாமா கொப்பியில அதைப் பழைய பேரில ஃபேவியா எண்டு எழுதியிருக்கிறார், பேர் மாறினது பிறகுதான். கொம்பு மாதிரிக் கிளைச்சு, நுனியில தனியா ஒரு பெரிய துவாரம் இருந்தா அக்ரோபோரா. பிள்ளை அரை மணித்தியாலத்தில ஃபேவைட்டிஸையும் டிப்சாஸ்ட்ரியாவையும் பிரிக்கப் பழகிட்டா, "இது லைன் வீடு, இது தனி வீடு" எண்டு.

இரவு பத்து மணிக்குள்ள பதினொண்டில ஒன்பது வந்திட்டுது. மிச்சம் ரெண்டு. பாத்தா அது ரெண்டும் வினாகிரிக்க கிடந்த கல்லு. கொப்பியில மிச்சம் இருக்கிற பக்கம் 23, 41. ரெண்டும் ஒரே இனம், ஒரே அளவு, உருண்டை. கோட்டுக்க வச்சா ரெண்டு கல்லுமே ரெண்டு கோட்டுக்கும் உள்ள போகுது, சுத்திவர ஈர்க்குக் குச்சி அகல இடைவெளி. அவ்வளவு கல்லு கரைஞ்சிருக்கு. தகடு எண்ணுவம் எண்டா தகடு இல்லை, வழிச்சு விட்ட கிண்ணம். 23 மாமி வீட்டுக் கிணத்தில பதினொரு அடியில எடுத்தது. 41 கும்புறுப்பிட்டியில எங்கயோ ஒரு சூளைக் குவியல்ல பொறுக்கினது, ஆழம் தெரியாது எண்டு மாமாவே எழுதியிருக்கிறார். ஒண்டுக்கு முழு விலாசம் இருக்கு, மற்றதுக்கு இல்லை, எது எது எண்டுதான் பிடிக்க ஏலேல்ல. துண்டு பறக்காமல் இருந்தாக் காணும். தகடு கரையாமல் இருந்தாலும் காணும். ரெண்டும் சேர்ந்து போச்சு.

மச்சானுக்குக் கோல் எடுக்கலாமா எண்டு யோசிச்சன். எடுக்கேல்ல. அவன் செய்ததும் நான் செய்ததும் ஒண்டுதான்.

ஜூலை 21, திங்கள். நம்பர் எழுதிக் கிளம்பினது

விடிய நாலு மணிக்கு எழும்பி நம்பர் எழுத இருந்தன். கல்லில நேர மை போடக்கூடாது, ஊறி உள்ள போயிரும். பாராலொயிட் பி-72 எண்ட பிசின், அசற்றோன்ல கரைச்சது, லாப்ல இருந்து சின்னப் போத்தல்ல கொண்டுபோனன். கண்ணுக்குத் தெரியாத மூலையில நகத்தின்ர அரைவாசி அளவுக்கு ஒரு பூச்சு, காஞ்சாப்பிறகு அதுக்கு மேல கறுப்பு மையால நம்பர், அதுக்கு மேல இன்னொரு பூச்சு. என்றைக்காவது வேண்டாம் எண்டா அசற்றோன் தொட்டுத் துடைச்சா கல்லுக்குச் சேதமில்லாமல் போயிரும். நகப்பொலிஷ் பூசுறவை இருக்கினம், அது மஞ்சளாகி உரிஞ்சு வரும், வேண்டாம். கிண்ணம் இருக்கிற முகப்பக்கத்தில பூசவும் வேண்டாம்.

டப்பா, நுரை மெத்தை, ஒவ்வொரு டப்பாக்குள்ளயும் பென்சிலால எழுதின துண்டு, பேனை எண்டா ஈரத்துக்கு ஊறும். இந்த முறை ஒவ்வொண்டையும் கொப்பிப் பக்கத்தோட சேர்த்து வச்சுப் படம் எடுத்தன், மாமிக்கும் பிள்ளைக்கும் அனுப்பினன்.

எட்டு மணி போல கடலுக்குப் போய் ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தன். பாசிக்குடாவில முழங்கால் தண்ணியிலேயே கன தூரம் நடக்கலாம், தெளிஞ்ச தண்ணி. மீன்பிடிக்கிற அண்ணை ஒராள், நான் கல்லுக்காரன் எண்டு ஊருக்க கதை போயிருக்கு போல, "தம்பி நல்ல முருகைக் கொம்பு எடுத்துத் தரவா, காசு வேணாம்" எண்டு கேட்டார். அன்பாத்தான் கேட்டவர். இல்லை அண்ணை, உயிரோட நிக்கிறதை உடைக்கிறதும், கரையோரத்தில முருகை அள்ளுறதும் சட்டத்துக்கு விரோதம், 1988ல கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினதில இருந்து எண்டு சொன்னன். அவர் "நாங்க சின்னப்பிள்ளையில சூளைக்குச் சுமந்தம் தம்பி" எண்டு சொல்லி, வள்ளத்தில இருந்து ஒரு சூடை மீன் கோர்வையை எடுத்து நீட்டினார். அதை வாங்கினன். மாமி பொரிச்சுக் கட்டித் தந்தா.

பெட்டியளை மாமா படிப்பிச்ச பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிறதெண்டு மாமி முடிவெடுத்திட்டா, ஆனா இடம் மாத்த முதல் உரிய கந்தோருக்குக் கடிதம் எழுதி, இதெல்லாம் எப்ப எங்க சேர்த்தது எண்டு கொப்பிப் பிரதியும் வைக்கோணும், அதை நான் எழுதித் தாறன் எண்டு சொல்லியிருக்கிறன். பெரிய கல்லுகளுக்கு ஊறப்போடுற வேலையைப் பிள்ளை பாரம் எடுத்திருக்கிறா, கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி மாத்தி மீற்றர் நம்பரைக் கொப்பியில எழுதோணும். மீற்றரை அவவிட்ட விட்டிட்டு வந்தன்.

ரெண்டு வினாகிரிக் கல்லையும் ஒரே டப்பாக்குள்ள, நடுவில நுரை வச்சுப் பிரிச்சு வச்சன். துண்டில இப்பிடி எழுதினன்: "23 அல்லது 41. எது எதெண்டு தெரியாது. துண்டு 20 ஜூலை அன்று காத்தில போனது, வைத்தவர் கவனமின்மை. மேற்பரப்பு அமிலத்தால சேதம்." கீழ என்ர பேர்.

பஸ் புணாணை தாண்டேக்க போன் அடிச்சுது. பிள்ளை படம் அனுப்பியிருக்கிறா, கிளுவை வேலிக்க சிக்கியிருந்த ஒரு கடதாசித் துண்டு, மாமான்ர கையெழுத்து, 23. "அண்ணா இதை என்ன செய்ய?"

கொப்பியில 23ம் பக்கத்துக்க வையுங்கோ எண்டு பதில் போட்டன்.